மேஜரின் செபமாலையும் தர்மபுரிப் பற்களும்

பல் வைத்தியத்தில் உள்ள ஒரே சௌகரியம், வந்தவர் வாயைத் திறந்துகொண்டிருக்கும்வரை எதிர்த்துப் பேச முடியாது என்பதுதான். வாயில் வைத்த பஞ்சை எடுத்த பிறகு பேசுவார்கள். அதுவரை பேசாததையும் சேர்த்துவைத்துப் பேசுவார்கள். எண்பதுகளில் தர்மபுரியில் என் அப்பாவின் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்த நான், அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

சொந்த அப்பாவிடம் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நமக்கெல்லாம் லீவு கிடையாது. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல முடியாது, தெர்மாமீட்டரோடு வந்து நிற்பார். கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தாலும் சாப்பாட்டுக்கு அதே முதலாளியின் எதிரில்தான் உட்கார வேண்டும். நான் விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது ராணுவத்தில் குற்றமாம், அதனால் விளக்கைப் பிடிக்கவும் கருவிகளைக் கொதிக்கவைக்கவும் என்னை நியமித்துவிட்டார். வீட்டில் 'பாப்பா' என்று கூப்பிடுபவர், நடுக்கதவைத் தாண்டி ஆஸ்பத்திரியாக இருந்த முன்கட்டுக்கு வந்ததும் 'மிஸ் ஸ்டெல்லா' என்பார்.

அப்பா மேஜர் ஞானப்பிரகாசம். பனி மலை முகாம்களில் ஜவான்களின் பல்லைப் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். இரண்டு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. காலைப் பூசை காணாமல் காபி குடிக்க மாட்டார். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்க மாட்டார். ஓய்வு பெற்றதும் அம்மாவின் தம்பி அகஸ்டின் மாமா பெங்களூருக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு பெரிய கிளினிக்கில் அப்பாவுக்கு இடம் தயாராக இருந்தது. அம்மாவுக்கும் அங்கே போகத்தான் ஆசை, அவளுடைய சொந்தங்கள் எல்லாம் அங்கேதான். அப்பா மட்டும் தர்மபுரி என்றார். அவரிடம் சிகிச்சைக்கு வந்த இந்தப் பக்கத்து ஜவான்கள், ஊரில் பல் வலி என்றால் சேலத்துக்குத்தான் ஓட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவர் மனதைக் கரைத்துவைத்திருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கும் நாளைக் கெடுவாக வைத்து அம்மா சம்மதித்தாள். "அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இந்த ஊரு உங்ககிட்ட வரலேன்னா, தவக்காலத்தைப் பெங்களூர்ல ஆரம்பிக்கலாம்." அப்பா சரி என்றார். வாக்குக் கொடுத்தால் அதிலிருந்து பின்வாங்குகிற ஆள் அவர் இல்லை என்பதுதான் எனக்குப் பயம்.

மிலிட்டரி சரக்கு

பெயர்ப் பலகையில் 'மேஜர்' என்று எழுதியது முதல் தப்பு. திறந்த புதிதில் பல் வலியோடு வந்தவர்களைவிட மிலிட்டரி கேண்டீனை மனதில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். டிரங்குப் பெட்டி கிடைக்குமா என்று ஒருவர் வருவார். மகனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட முடியுமா என்று இன்னொருவர் வருவார். வந்ததுதான் வந்தீர்கள், வாயைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று அப்பா எல்லாரையும் நாற்காலியில் ஏற்றிப் பார்த்து அனுப்புவார்.

ஒருநாள் பென்னாகரம் பக்கத்திலிருந்து மீசைக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றார். உண்மையான வலிக்காரரைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். நான் விளக்கைப் பிடிக்க, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கல் மாதிரி இருந்தன. எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டால், எல்லாப் பல்லும் என்றார். எப்போது வலிக்கிறது என்று கேட்டால், பொழுது சாய்ந்தால் வலிக்கிறது என்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ரம் ஊற்றிக் கொப்பளித்தால் கேட்கும் என்று சொல்கிறார்களாம், அதிலும் மிலிட்டரி ரம் என்றால் ஒரே பாட்டிலில் குணமாகிவிடுமாம்.

அப்பா சிரிக்காமல் அலமாரியைத் திறந்து, ஒரு சின்னக் குப்பியில் கிராம்புத் தைலம் ஊற்றிக் கொடுத்தார். மீசைக்காரர் முகர்ந்து பார்த்தார். மூடினார். குப்பியை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கூரு நாட்டு மருந்துக் கடையிலயே கெடைக்குதுங்க. இதுக்கு எதுக்குங்க ஒரு மேஜரு?"

கதவு திறந்தே இருக்கட்டும்

கூட்டமே இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அப்பா ஒரு ஆளை வைத்தார். பெயர் மாதம்மாள். ஒரு சினிமா தியேட்டரில் பெண்கள் டிக்கெட் வரிசையைக் கட்டி மேய்த்த அனுபவம் உள்ளவள். அப்பாவின் உத்தரவு சுருக்கமானது: ஒருவர் உள்ளே, கதவு மூடி, மற்றவர்கள் பெஞ்சில், பேச்சு சத்தம் கூடாது.

ஒரு வாரம் அப்படியே நடந்தது. உள்ளே போனவர் மட்டும் இருப்பார், பெஞ்சில் இருந்தவர்களைக் காணோம். அப்புறம் ஒருநாள் அப்பா ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால், சுவரோரமாக நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. மாதம்மாள் வாசலில் நின்று ஐந்தாவது ஆளுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இடுக்கியை வைத்துவிட்டு, இது என்ன ஒழுக்கம் என்று பட்டாளத்துக் குரலில் கேட்டார். மாதம்மாள் தியேட்டர் முதலாளிகளையே பார்த்தவள்.

"கதவச் சாத்துனா உள்ள என்னமோ பண்றாங்கன்னு எந்திரிச்சு ஓடிர்றாங்க சார். நாலு பேரு பாத்தா, புடுங்கிக்கிற ஆளும் மானத்துக்காவக் கத்தாம கெடப்பான்."

பொம்மிடிக்காரர் ஓட்டம்

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மரத்துப்போக ஊசி போட்டால் அது வேலை செய்யச் சில நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் மற்ற டாக்டர்கள் பேப்பர் படிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கோட்டுப் பையிலிருந்து செபமாலையை எடுத்து, 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்துப் பத்து மணி உருட்டுவார். பனி முகாமில் கைக்கடிகாரம் நின்றுபோன சமயத்தில் தொடங்கிய பழக்கமாம். பத்தாவது மணி முடியும்போது தாடை கட்டையாகியிருக்கும். ஜவான்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அங்கே கேள்வி கேட்கும் வழக்கமில்லை.

பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் வந்த சின்னசாமிக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. ஆறடி உயரம், கரும்பு வெட்டி உரமேறிய கை. ஊசி போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தவர், டாக்டர் முதுகைக் காட்டித் தலை குனிந்து நிற்பதையும் உதடு அசைவதையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கொதிக்கிற தண்ணீரில் இடுக்கியைத் துழாவிக்கொண்டிருந்தேன், அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினார், கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். அப்பா பத்தாவது மணி முடித்துத் திரும்பியபோது நாற்காலி காலி.

அது எங்கள் துணி என்று மாதம்மாள் பஸ் ஸ்டாண்டு வரை துரத்திக்கொண்டு போனாள். பொம்மிடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சின்னசாமி தானாகவே இறங்கி அவள் பின்னால் வந்தார். பல நாளாகத் தூங்கவிடாத வலி பஸ்ஸில் ஏறும்போதே காணாமல் போயிருந்தது, டாக்டர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பல்லை எடுத்து, அரை மணி நேரம் பஞ்சைக் கடிக்கவைத்து, பஞ்சை எடுத்ததும் அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"வலிக்கவே இல்லீங்க, அதெல்லாம் செரி. ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லுங்க சார். அந்த மணிய உருட்டுனீங்களே, அது எனக்காவ வேண்டுனதா, உங்களுக்காவ வேண்டுனதா?"

மணி மட்டும் போதும்

சின்னசாமி ஊருக்குப் போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பல் போன வாய்க்கு வேகம் அதிகம். தர்மபுரியில் ஒரு மிலிட்டரி டாக்டர் இருக்கிறார், மணியை உருட்டினால் தாடை மரத்துப் போகிறது என்று பொம்மிடியிலிருந்து மொரப்பூர் வரை பரவியது. பெஞ்சு நிறைந்தது. மாதம்மாள் தியேட்டர் நாட்களைப்போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். 'மணி டாக்டர் வூடு எது?' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் சின்னக் குழந்தையும் வழி காட்டியது.

மொரப்பூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். ஊசியைப் பார்த்ததும் அப்பாவின் கையைப் பிடித்துத் தள்ளினாள். ஊசி வேண்டாமாம், மணி மட்டும் போட்டுவிட்டால் போதுமாம். அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஊசிக் குழாயைத் தூக்கிக் காட்டி, இதில் இருப்பதுதான் மருந்து, இது நரம்பை மரக்கவைக்கும், மணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது என் சொந்தப் பிரார்த்தனை என்று பாடமே நடத்தினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவ்வளவு கவனமாகக் கேட்ட நோயாளியை நான் பார்த்ததில்லை. முடிந்ததும் வாயைத் திறக்கத் தயாராகிக்கொண்டே சொன்னாள்.

"செரிங்க சாமி. உங்க திருப்திக்கு ஊசியும் போட்டுக்குங்க."

சாமியார் நாற்காலியில்

அம்மாவுக்குக் கூட்டம் வந்ததில் ஆச்சரியம். அப்பாவுக்கோ சோறு இறங்கவில்லை. 'நான் படிச்சது பல் வைத்தியம். அற்புதம் பண்றவங்க வேற. மாதா பேரை வெச்சு ஆள் சேர்த்தா அது எனக்கு வேண்டாம்' என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், பெஞ்சு காலியானால் நான்தான் மூட்டை கட்டுவேன் என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னது கேலிதான், ஆனால் சாம்பல் புதன் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோயில் பங்குச் சாமியாருக்குக் கடைவாயில் பல் உடைந்தது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். அப்பா டிரில்லை எடுத்துக்கொண்டு, பல்லோடு சேர்த்து மனதில் இருந்ததையும் குடைய ஆரம்பித்துவிட்டார். சனங்கள் செபமாலையை மயக்க மருந்து என்று நினைக்கிறார்கள், நான் சும்மா இருந்தால் பொய்க்குத் துணை போனது ஆகாதா சாமி? சாமியார் 'ஆ' என்றார். அப்படியானால் நிறுத்திவிட வேண்டும் என்கிறீர்களா? 'ஆ, ஆ' என்றார் சாமியார், இந்தத் தடவை கையையும் ஆட்டினார். எனக்குத் தெரிந்து அது, நாக்கில் படுகிறது என்பதற்கான சைகை. அப்பாவுக்கு அது திருச்சபையின் தீர்ப்பாகிவிட்டது. முகம் தெளிந்து, மிச்ச வேலையைப் பாட்டு முணுமுணுத்தபடி முடித்தார்.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சாமியார் தாடையைத் தடவிக்கொண்டே எழுந்து டிரில்லைக் காட்டினார்.

"டாக்டர், கோயிலுக்கு வந்து முழங்கால்ல நின்னு கேளுங்க, யோசிச்சுப் பதில் சொல்றேன். இதைக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டீங்கன்னா நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவேன்."

கடிகாரம்

அப்பா கோயிலுக்குப் போய்க் கேட்கவில்லை. மறுநாளே சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டினார். செபமாலை வீட்டிலேயே தங்கியது. ஊசி போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்து நிற்பார். அதே மருந்து, அதே கை, அதே இடுக்கி. ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் வலித்தது. 'இப்பெல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். பெஞ்சு மறுபடியும் காலியாக ஆரம்பித்தது. அம்மா டிரங்குப் பெட்டிகளை வெயிலில் வைத்து எடுத்தாள். நல்லவராக இருக்கப் போய் தோற்றுப் போகிறாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

மணி போனதால் வந்தவர் ஒரே ஒருவர்தான். பள்ளிக்கூடத் தமிழாசிரியர், கறுப்புச் சட்டை, கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர். மூடநம்பிக்கையை ஒழித்ததற்காக அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊசி போட்டாயிற்று. அப்பா கடிகாரத்தைப் பார்த்து நின்றார். அறையில் டிக் டிக் சத்தம். ஆசிரியர் டாக்டரின் முதுகைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. குழறுகிற நாக்கால் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்த மணியவே எடுத்துக் குடுத்துரும்மா. எனக்காவ இல்ல. அவரு கைக்கு ஒரு வேல இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

மாப்பிள்ளையின் வாய்

ஆள் வராத அந்த நாட்களில்தான் என்னைப் பெண் பார்க்கக் கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்தார்கள். கேசரி, வடை, காபி எல்லாம் முறையாக நடந்தது. அப்பா மாப்பிள்ளையின் படிப்பையோ வேலையையோ கேட்கவில்லை. சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது, தாடையைத்தான் பார்ப்பார். வடையைக் கடித்த மாப்பிள்ளை லேசாகக் கண்ணைச் சுருக்கியதும் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். தம்பி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க என்று நடுக்கதவு வழியாகக் கூட்டிப் போய்விட்டார். தனியாகப் பேசப் போகிறார்கள் என்று எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சோடு திரும்பி வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவர் அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவர் குரலையே சரியாகக் கேட்டேன். அன்றைக்கு எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்.

"பொண்ணு வூட்டுல மாப்பிள்ள வாய அடைச்சுருவாங்கன்னு தெரியும்ங்க. நிச்சயத்துக்கு முன்னாடியே அடைப்பாங்கன்னு தெரியாது."

கனி பாய் எண்ணிய எண்ணிக்கை

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கனி பாய் ஏலம் விட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட குரல், எங்கள் நாற்காலியில் ஏறியதும் காணாமல் போய்விட்டது. மகன்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஊசி போட்டானதும் பாய் கேட்டார், மணி எங்கே சார்? அதெல்லாம் இப்போது கிடையாது, கடிகாரம்தான் என்றார் அப்பா. பாய் விடவில்லை. தன் ஜிப்பாப் பையில் கைவிட்டு, தொழுகைக்குப் பிறகு உருட்டும் தஸ்பீஹ் மணியை எடுத்துத் தானே உருட்ட ஆரம்பித்தார். முடித்துவிட்டுக் கன்னத்தைத் தட்டிப் பார்த்து, ம் என்று தலையாட்டினார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

பல்லை எடுத்துக்கொண்டு வெளியே போன பாய், பஞ்சைத் துப்பிய கையோடு பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஏலக் குரலில் விளக்கிவிட்டார். "அவரு மந்திரமும் போடல, ஒண்ணும் போடல. மருந்து ஊறுற வரைக்கும் நேரம் பாக்குறாரு. அவங்கவங்களுக்குத் தெரிஞ்சத எண்ணிக்கிட்டு உக்காருங்கப்பா. வெல ஏறட்டும்னு தக்காளிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதில்ல?" அப்பா படித்துப் படித்துச் சொன்னதை யாரும் நம்பவில்லை. மண்டிக்காரர் சொன்னதும் சந்தைக்கு வருகிற அத்தனை ஊருக்கும் புரிந்துவிட்டது.

அன்று முதல் எங்கள் ஆஸ்பத்திரியில் எண்ணிக்கை நோயாளியின் பொறுப்பு ஆனது. சிலர் கோவிந்தா சொன்னார்கள். சிலர் முனியப்பனைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் தன் வயலில் இருந்த தென்னை மரங்களை வரிசையாக எண்ணினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடியும் கோட்டுப் பைக்கு வந்துவிட்ட செபமாலையைப் பைக்குள்ளேயே உருட்டி, யாருக்கும் தெரியாமல் தன் கணக்கை முடிப்பார். கறுப்புச் சட்டை ஆசிரியர் அடுத்த பல்லுக்கு வந்தபோது, நீங்கள் எதை எண்ணுவீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் யாரும் இல்லியே. பதினாறாம் வாய்ப்பாடு சொல்றேம்மா. கடைசி வரி வந்ததும் அவரப் புடுங்கச் சொல்லு."

வரிசையில் கடைசியாக ஒருவர்

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அகஸ்டின் மாமா காரோடு வந்து இறங்கினார். பெஞ்சில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, பரவாயில்லையே அக்கா என்றார். அம்மா சொன்னது உள்ளே இருந்த அப்பாவின் காதிலும் விழுந்தது. "முதல்ல மணிக்காக வந்தாங்க. இப்ப பாய் சொன்னாருன்னு வர்றாங்க. இவருக்காக யாரு வந்தா?" எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அப்பா மாதம்மாளிடம் அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார்.

சாப்பிடும்போது அம்மா ஒரு பக்கமாகவே மென்றாள். அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஞானப்பல், கன்னத்து உட்பக்கம் வீங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அம்மா ஒருநாளும் அப்பாவிடம் வாயைக் காட்டியதில்லை. கட்டிய புருஷன் எதிரில் வாயைத் திறந்துகொண்டு பேசாமல் உட்கார அவளால் முடியாதாம். பெங்களூரில் காட்டிக்கொள்கிறேன் என்றாள். மாமா அங்கே ஒரு டாக்டர் பெயரைச் சொன்னார். அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நல்ல டாக்டர்தான். போனதும் காட்டிடு, தள்ளிப்போடாத" என்று கைகழுவ எழுந்தார். அவர் குரலில் வருத்தம் இல்லை என்று காட்ட அவர் பட்ட பாடு எனக்குத் தாங்கவில்லை.

வழிக்குக் கொஞ்சம் கிராம்புத் தைலம் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா முன்கட்டுக்கு வந்தாள். மாதம்மாளிடம் சிபாரிசு எதுவும் செல்லாது. வரிசையில உக்காருங்கம்மா என்று பெஞ்சின் கோடியைக் காட்டிவிட்டாள். பக்கத்தில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு இருந்தாள். அம்மா யார் என்று அவளுக்குத் தெரியாது, வீங்கிய கன்னம் மட்டும்தான் தெரிந்தது. நான் கருவித் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் சொல்வது கேட்டது. "பயப்படாதீங்கக்கா. மணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த மனுசன் கை பட்டதே எனக்குத் தெரியல. அதான் எம்புள்ளையவும் அவருகிட்டயே தூக்கியாந்தேன்." அம்மா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறை வந்ததும் அம்மா உள்ளே வந்தாள். அலமாரிப் பக்கம் போகவில்லை, நேராக நாற்காலியில் ஏறிச் சாய்ந்து வாயைத் திறந்தாள். அப்பா கோட்டுப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு 'மிஸ் ஸ்டெல்லா, ஊசி' என்றார். ஊசி போட்டதும் எண்ணிக்கை நோயாளியின் பொறுப்பு அல்லவா, அம்மா வீட்டுச் செபத்தில் முன்சொல்லுகிற அதே கணீர்க் குரலில் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அப்பா பழக்கதோஷத்தில் பின்பாதியைச் சொன்னார். நானும் சேர்ந்துகொண்டேன். ஐந்தாவது மணியில் மாதம்மாள் தலையை நீட்டினாள். "அம்மா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. வெளிய ரெண்டு பேரு தங்களுக்கும் மரத்துப் போச்சுன்னு எந்திரிச்சு நிக்கறாங்க."

பல் லேசில் வரவில்லை. தையல் போட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அம்மா ஒரு கையால் அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மாமா கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, கிளம்பலாமா அக்கா, சாமான்களை அப்புறம் அனுப்பிக்கலாம் என்றார். அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன நேரம் முடியும்வரை வாயைத் திறக்கவே இல்லை. பிறகு பஞ்சை எடுத்தாள்.

"அடுத்த வாரம் தையல் பிரிக்க டாக்டர் வரச் சொல்லியிருக்காருடா அகஸ்டின். பெங்களூர்ல இருந்து அவ்வளவு தூரம் யாரு வர்றது?"

மறுபடி வாருங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பியவர்களில் வலி நின்றதும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்தான் ஏராளம், சொன்ன நாளுக்குச் சரியாக வந்து, அப்பா கண்ணை மூடும்வரை இந்த ஊரை விட்டே போகாத ஒரே நோயாளி என் அம்மாதான்.